விசிறி சுழலாமல் வீசும் காற்று! மைக்கேல் ஃபாரடேயின் கதை

குழந்தைகளே! ஏப்ரல், மே மாதங்களில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் மதிய வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் நின்றுவிட்டால் என்ன பாடு! அப்போதுதான் அதன் அருமை நமக்குத் தெரியும்.

ஃபேன் எப்படிக் காற்றைத் தருகிறது? அதன் இறக்கைகள் சுழன்று, அறையில் உள்ள காற்றைத் தள்ளிவிடுகின்றன. சரி, இறக்கையே இல்லாமல், சுழலும் பாகம் எதுவுமே இல்லாமல், மின்சாரத்தால் மட்டும் காற்றை வீச வைக்க முடியுமா? முடியும்! அதற்கு மின்காற்று என்று பெயர். அயனிக் காற்று என்றும் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இறக்கை உள்ள ஃபேன் சுழல்வதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புகளைச் செய்த அதே மனிதர்தான், இறக்கை இல்லாத மின்காற்று எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெளிவாக விளக்கினார். அவர் கல்லூரிப் படிப்பு படித்தவர் அல்ல. பள்ளிக்கூடத்துக்கே சில காலம்தான் போனவர். அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

கொல்லர் மகன்

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய நியூவிங்டன் என்ற இடத்தில் மைக்கேல் பிறந்தான். அப்பா ஜேம்ஸ் இரும்படிக்கும் கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அவர் பட்டறைக்குப் போகாத நாட்களில் வீட்டில் வருமானம் இருக்காது. விலைவாசி ஏறிப்போன 1801-ஆம் ஆண்டில், மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு முழு ரொட்டிதான் கிடைத்ததாம். அதை ஏழு நாளைக்கும் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அப்போது அவனுக்கு வயது 9!

எழுதப் படிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு அவனுடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. 13 வயதில் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். வாடிக்கையாளர் வீடுகளுக்குச் செய்தித்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவதுதான் வேலை. அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் பழகச் சேர்ந்தான். மொத்தம் 7 ஆண்டுகள் பழக வேண்டும்.

பைண்டிங் கடையில் புத்தகங்களைத் தைப்பார்கள், ஒட்டுவார்கள், அட்டை போடுவார்கள். மைக்கேல் இன்னொன்றும் செய்தான். கைக்கு வந்த புத்தகங்களைப் படித்தான்! அட்டை போட வந்த கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூல் ஒன்றும் அவன் கைக்கு வந்தது. அவை இரண்டும் அவன் வாழ்க்கையையே மாற்றிவிட்டன.

படித்ததை அப்படியே நம்பிவிட அவனுக்குப் பிடிக்காது. செய்து பார்க்க வேண்டும். ஆனால் காசு? பழைய சாமான் கடையிலிருந்து கண்ணாடிச் சாடிகளை மலிவாக வாங்கி வந்தான். அவற்றைக் கொண்டு, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் சிறிய கருவி ஒன்றைத் தானே செய்தான். சிறு மின்பொறி தெறித்தபோது அவனுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

ஊரில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். மைக்கேலிடம் ஏது அவ்வளவு பணம்? அவனுடைய அண்ணன் ராபர்ட்டும் கொல்லர் வேலைதான் செய்தார். நெருப்பின் முன் நின்று உழைத்துச் சம்பாதித்த காசில், தம்பிக்கு அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். அந்த அண்ணன் அன்று கை நீட்டியிருக்காவிட்டால், இந்தக் கதையே இல்லை!

வேலை வாங்கித் தந்த நோட்டுப் புத்தகம்

1812-ஆம் ஆண்டு. பைண்டிங் கடைக்கு வந்த ஒருவர், மைக்கேலின் ஆர்வத்தைப் பார்த்து நான்கு டிக்கெட்டுகள் கொடுத்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற ஆய்வு நிலையத்தில் பேசும் சொற்பொழிவுகளுக்கான டிக்கெட்டுகள் அவை.

மைக்கேல் ஒவ்வொரு சொற்பொழிவையும் கவனமாகக் கேட்டுக் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட புத்தகமாகத் தாமே அழகாக பைண்டிங் செய்தார். ஒரு கடிதத்துடன் அதை டேவிக்கு அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் அப்போது காலி இடம் இல்லை. மைக்கேல் மீண்டும் பைண்டிங் வேலைக்கே போக வேண்டியதாயிற்று.

சில வாரங்கள் கழித்து, ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டதற்காக வேலையை இழந்தார். டேவிக்கு அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதிய இளைஞரின் நினைவு வந்தது. 1813 மார்ச் மாதம், 21 வயதில் ஃபாரடே ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார். குப்பி கழுவுவது, கருவிகளைத் துடைப்பது, சொற்பொழிவு மேடையைத் தயார் செய்வது எல்லாம் அவர் வேலை. தங்குவதற்கு அதே கட்டடத்தின் மாடியில் இடம் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டே டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், அந்த வேலைகளும் ஃபாரடே தலையில் விழுந்தன. டேவியின் மனைவி அவரை விஞ்ஞானியின் உதவியாளராக மதிக்கவில்லை, வேலையாளாகவே நடத்தினார். மனம் நொந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட ஃபாரடே நினைத்தார். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். அந்தப் பயணத்தில்தான் ஆம்பியர், வோல்டா போன்ற மாமேதைகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

ஃபேன் சுழலக் காரணம்

1821-ஆம் ஆண்டு, மின்சாரம் பாயும் கம்பி ஒன்றை ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார் ஃபாரடே. மின்சாரத்தால் ஒரு பொருளை இடைவிடாமல் சுழல வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய முதல் சோதனை அது. இன்றைய மோட்டார்களுக்கெல்லாம் அதுவே தொடக்கம்.

அடுத்து அவர் தலைகீழாக யோசித்தார். மின்சாரத்தால் காந்த சக்தி உண்டாகிறது என்றால், காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியாதா? விடை கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பிகளைச் சுற்றினார். ஒரு கம்பியில் மின்சாரத்தை விட்டபோதும் நிறுத்தியபோதும், அதோடு தொடர்பே இல்லாத அடுத்த கம்பியில் ஒரு நொடி மின்சாரம் எட்டிப் பார்த்தது! பிறகு, கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தாலே மின்சாரம் பிறக்கிறது என்பதையும் கண்டார். இதுதான் மின்தூண்டல்.

கல்பாக்கம் அணுமின் நிலையமானாலும், நெய்வேலி அனல்மின் நிலையமானாலும், கயத்தாறு காற்றாலையானாலும் அங்கே மின்சாரம் பிறப்பது இந்த விதிப்படிதான். இன்னொரு சுவையான செய்தி. ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தது 1831. சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1931-ஆம் ஆண்டில்தான் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது!

ஊசி முனையில் காற்று

இப்போது மின்காற்றுக்கு வருவோம். ஃபாரடே பிறப்பதற்கு முன்பே இதைச் சிலர் கவனித்திருந்தார்கள். 1709-இல் ஹாக்ஸ்பீ என்ற ஆங்கிலேயர், நன்றாகத் தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயை முகத்தருகே கொண்டுவந்தபோது, மெல்லிய காற்று படுவதுபோல் உணர்ந்து எழுதி வைத்தார். பிறகு, மின்னேற்றிய ஊசி முனையிலிருந்து வரும் காற்றால் மெழுகுவத்திச் சுடரை வளைத்துக் காட்டுவது அறிவியல் மேடைகளில் பிரபலமானது. கூட்டம் கைதட்டும். ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?

1838-ஆம் ஆண்டில் ஃபாரடே இதை ஆராய்ந்து விளக்கினார். ஊசி முனை தன் அருகில் உள்ள காற்றுத் துகள்களுக்கு மின்னேற்றம் தருகிறது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் முனையை விட்டு விலகி ஓடுகின்றன. ஓடும்போது, மின்னேற்றம் பெறாத மற்ற துகள்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போகின்றன. அதனால் மொத்தக் காற்றும் நகர்கிறது.

இது புரிய வேண்டுமா? மாலை நேரத்தில் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை நிறையக் கூட்டம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பத்துப் பேர் மட்டும் ஒரே திசையில் முண்டியடித்து ஓடுகிறார்கள். அவர்கள் இடிக்க இடிக்க, ஓட நினைக்காதவர்களும் சேர்ந்து அந்தப் பக்கம் நகர்கிறார்கள் இல்லையா? அந்தப் பத்துப் பேர்தான் மின்னேற்றம் பெற்ற துகள்கள். கூட்டம்தான் சாதாரணக் காற்று. மிகச் சில துகள்கள் ஓடினாலே போதும், பெரும் கூட்டம் நகர்ந்துவிடும்!

அந்தத் துகள்களுக்கு இன்று அயனிகள் என்று பெயர். அயனி என்பது ஆங்கிலச் சொல்லான அயான் என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்தவரும் ஃபாரடேதான். 1834-இல் வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரின் உதவியோடு, மின்சாரம் பாயும் திரவங்களில் நகரும் துகள்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். நகர்ந்து போவது என்று அதற்குப் பொருள்.

ஏன் ஊசி முனை வேண்டும்? மணலில் காந்தத்தைப் புரட்டிக் கறுப்புத் துகள்களைச் சேர்த்து விளையாடியிருப்பீர்கள். காகிதத்தின் மேல் அந்தத் துகள்களைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்துத் தட்டினால் வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். காந்தத்தைச் சுற்றியும் மின்னேற்றத்தைச் சுற்றியும் உள்ள இடம் வெறும் இடம் அல்ல, அது முழுக்க விசைக் கோடுகள் பரவியிருக்கின்றன என்றார் ஃபாரடே. இதையே இன்று காந்தப்புலம், மின்புலம் என்று படிக்கிறோம். கூர்மையான முனையில் மின்புலக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். அங்கே புலம் மிக வலிமையாக இருப்பதால், காற்று மூலக்கூறுகள் உடைந்து அயனிகள் பிறக்கின்றன.

ஃபாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. கோடு, புலம் என்று பேசினால் கணித மேதைகள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனம் தளரவில்லை. அவருக்கு 60 வயது தாண்டிய பிறகு, ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற இளைஞர் அந்தக் கோடுகளுக்குக் கணிதத்தில் வடிவம் கொடுத்தார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. இன்றைய வானொலி, செல்போன் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த மின்காந்தப் புலம்தான்.

மின்காற்றின் இன்றைய வேலை

எம்.ஐ.டி. என்றதும் உங்களுக்குக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. நினைவுக்கு வரும். நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம் அல்லவா? அமெரிக்காவிலும் ஓர் எம்.ஐ.டி. இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் 2018-ஆம் ஆண்டில், சுழலும் பாகம் எதுவுமே இல்லாத ஒரு சிறிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். இறக்கையின் அகலம் 5 மீட்டர், எடை சுமார் இரண்டரைக் கிலோ. இறக்கைக்குக் கீழே மெல்லிய கம்பிகளில் 40,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, மின்காற்றை உண்டாக்கினார்கள். ஒரு பெரிய கூடத்துக்குள் அது சுமார் 60 மீட்டர் தூரம் பறந்தது. புரொப்பெல்லரும் இல்லை, ஜெட் எஞ்சினும் இல்லை!

அப்படியானால் நம் வீட்டு ஃபேனைக் கழற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள். மின்காற்றில் கொடுக்கும் மின்சக்தியில் மிகச் சிறிய பங்குதான் காற்றோட்டமாக மாறுகிறது. மீதி வீணாகிறது. ஓசோன் என்ற வாயுவும் உண்டாகிறது. மூடிய அறையில் அதைச் சுவாசிப்பது நல்லதல்ல. அதனால் பெரிய அறைக்கு ஃபேன்தான் ராஜா! ஆனால் கணினி போன்ற சிறிய கருவிகளுக்குள், விசிறி வைக்க இடமே இல்லாத சந்துகளில், சத்தமே இல்லாமல் சூட்டைத் தணிக்க மின்காற்று உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

காற்றில் அயனிகளை உண்டாக்கும் இதே முறை ஏற்கெனவே ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நிலக்கரியில் ஓடும் மின் நிலையங்களின் புகையில் சாம்பல் துகள்கள் நிறைய இருக்கும். அந்தப் புகையை உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு இடையே அனுப்பினால், அயனிகள் ஒட்டிக்கொண்டு சாம்பலும் மின்னேற்றம் பெறும். உடனே பக்கத்தில் உள்ள உலோகத் தகடுகளில் போய் அப்பிக்கொள்ளும். புகைபோக்கி வழியாகப் பெருமளவு சுத்தமான காற்று வெளியேறும். இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் பெல் நிறுவனத்தின் ஆலை நம் ராணிப்பேட்டையில் இருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவையெல்லாம் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தில் நடப்பவை. வீட்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது. தாம்பரம் ரயில் பாதைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பட்டம் விடுவதோ, ரயில் கூரையில் ஏறுவதோ உயிருக்கே ஆபத்து. நீங்கள் செய்யக் கூடியது இதுதான். பிளாஸ்டிக் சீப்பால் எண்ணெய் தடவாத தலைமுடியை நன்றாக வாரி, சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோங்கள். துணுக்குகள் துள்ளி ஒட்டும். கடல் காற்றின் ஈரம் இருந்தால் சரியாக வராது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்!

பட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம்

ஃபாரடே நினைத்திருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருக்கலாம். தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொன்னால் கை நிறையப் பணம் கிடைக்கும். ஆனால் ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்று அந்த வேலைகளைக் குறைத்துக்கொண்டார். சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்தார்.

ஆனால் சிறுவர்களுக்கு மட்டும் அவரால் நேரம் ஒதுக்க முடிந்தது! ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக நடக்கும் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகள் அவரே நடத்தினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் செய்தார். அது நூலாகவும் வந்து இன்றும் படிக்கப்படுகிறது. ஒரு ஷில்லிங் இல்லாமல் தவித்த அந்தச் சிறுவனை அவர் மறக்கவே இல்லை.

நடு வயதிலேயே அவருக்கு உடல்நலம் குன்றியது. நினைவாற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தாம் செய்த சோதனையே மறந்துபோகும் நாட்கள் வந்தன. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடத் துன்பம் உண்டா? ஆனால் அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வெற்றியோ தோல்வியோ, செய்த ஒவ்வொரு சோதனையையும் அன்றன்றே எழுதி, பத்திக்குப் பத்தி எண் போட்டு வைப்பார். 1862 வரை எழுதிய அந்த நாட்குறிப்பில் கடைசி எண் எவ்வளவு தெரியுமா? 16,041! மனம் மறந்ததை நோட்டு மறக்கவில்லை.

1867 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, தம் நாற்காலியில் அமர்ந்தபடியே ஃபாரடே அமைதியாக உயிர் நீத்தார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அவர் விரும்பியபடியே ஆடம்பரம் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார்.

பைண்டிங் கடைப் பையனுக்கு ஆய்வுக்கூடக் கதவைத் திறந்துவிட்டது ஒரு நோட்டு. முதுமையில் அவருக்குக் கைகொடுத்ததும் நோட்டுதான். போன வருடத்து நோட்டில் நாலைந்து வெற்றுத் தாள்கள் உங்களிடமும் இருக்கும். சீப்புச் சோதனை வந்ததா, வரவில்லையா? அன்று வானிலை எப்படி இருந்தது? எழுதி, பக்கத்தில் 1 என்று எண் போடுங்கள். நாளைக்கு 2!